இரண்டு அறைக்கு ஒரு நர்சு

பாகூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ரோசம்மாளோடு வேலை பார்த்த நர்சு தையலம்மாள், புருஷன் கூப்பிட்டான் என்று சைகோனுக்குக் கப்பலேறிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் வரும் என்றார்கள். மழைக்காலம் போய்க் கரும்பு வெட்டும் காலமே வந்துவிட்டது, ஆள் வரவில்லை. இருவரும் பேசிச் சிரித்து மடித்த கட்டுத்துணிகளை ரோசம்மாள் இப்போது தனியாக மடித்தாள். பிரசவ அறையில் நின்றால் காய்ச்சல் அறையின் கவலை. அங்கே போனால் இங்கே கவலை.

கிருமாம்பாக்கத்துக் கண்ணையன் விஷக்காய்ச்சலில் கிடந்தான். ஒருநாள் காலை அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. அவன் பெண்சாதி அமுதம் பூரித்துப் போனாள்.

“காச்சல் வுட்டுடுச்சி நர்சம்மா! தலைக்கு ஊத்திடட்டா?”

“ஊத்தாதே. சோறும் வேணாம். கொடலு புண்ணா இருக்குது, கிழிஞ்சிடும். கஞ்சித்தண்ணிதான்.”

“கஞ்சித்தண்ணி குடிச்சே கொக்கு மாதிரி ஆயிட்டேன். நீயே குடிச்சிப் பாரு நர்சம்மா,” என்றான் கண்ணையன். ரோசம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க அவன் பக்கத்திலேயே இருக்க நினைத்தாள்.

அதற்குள் பிரசவ அறையில் இருந்த ஆண்டாளுக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. ரோசம்மாள் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள். கை தளர்ந்தால் இரத்தம் பெருகியது.

சுவருக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கண்ணையனின் தாய் சின்னப்பிள்ளை சோற்றுத்தூக்கோடு வந்திருந்தாள்.

“தலைக்கு ஊத்தலன்னா காச்சல் திரும்பிடும்டி. ரசஞ்சோறு கொண்டாந்திருக்கேன். சாப்புடுடா ராசா.”

“வேணாம்! வேணாம்!” என்று ரோசம்மாள் கத்தினாள். யாரும் வரவில்லை. நாலடி நடந்தால் அந்த அறை. அவள் கையை எடுக்கவில்லை.

ஆண்டாள் பிழைத்தாள். சாயங்காலம் கண்ணையனின் வயிறு பலகையாய் இறுகிற்று; விடியுமுன் உயிர் போயிற்று. மறுநாள் புதுச்சேரியிலிருந்து வந்த டாக்டர் வெறுங்கட்டிலைத்தான் பார்த்தார்.

“நீ எங்கம்மா இருந்தே?”

“பக்கத்து ரூம்ல.”



பாயை எடுக்க வந்த அமுதம் வாசலிலேயே நின்றாள். “நீ கத்துனது கேட்டுச்சி நர்சம்மா. புள்ள பெக்கிறவளைத்தான் அதட்டுறேன்னு நெனச்சிட்டோம்.”

அமுதம் போனபின் ரோசம்மாள், காய்ச்சல்காரர்களின் கட்டில்களைப் பிரசவ அறை வாசலுக்கு எதிரே கொண்டுவரத் தொடங்கினாள். கைக்குழந்தைகளின் அருகே காய்ச்சலைக் கொண்டுவரக் கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவளுக்கு மறக்கவில்லை. கட்டிலின் மறுமுனையைத் தூக்க ஆளில்லை. தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டே போனாள்.