வெறும் சூட்கேஸ், 63.4 கிலோ

இது கட்டுக்கதை இல்லை. டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், பன்னிரண்டாம் மாடியில், போன தை மாதம் ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. அன்ரனெற்றின் குளியலறைத் தரையில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அவளும் அன்புராசாவும் கலியாணம் செய்து ஏழு மாதம். இருவருக்கும் இரண்டாம் கலியாணம். தன் முதல் மனைவி மெலனி மொன்றியலில் மாரடைப்பால் இறந்துபோனாள் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். இப்போது ஜோர்தான் பாலைவனத்தில், மலையைக் குடைந்து செய்த பழைய பெட்ரா நகரத்தைப் பார்க்கப் போக ஆயத்தம்.

“நீங்கள் முந்தி அங்க போனனீங்களோ?”

“இல்லையப்பா, முதல் தரம். உச்சியில ஒரு பலிபீடம் இருக்கு. எண்ணூறு படி. அந்த விளிம்பில உம்மை நிப்பாட்டி ஒரு படம் எடுக்கோணும்.”

“போகாத இடத்தின்ர படியையும் எண்ணி வைச்சிருக்கிறியள்!”

அவர் சிரிக்கவில்லை.

பிற்பகல் 3.10. அவருடைய பழைய கெட்டிப் பிளாஸ்ரிக் சூட்கேஸ். சாமான் அடுக்க முதல் வெறும் நிறை பார்ப்போம் என்று குளியலறைத் தராசில் வைத்தாள்.

63.4.

“இஞ்சருங்கோ, தராசு பழுதாப்போச்சு!”

தான் ஏறி நின்றாள். 58. அது சரி. சூட்கேஸை ஒற்றைக் கையால் தூக்கினாள். இலேசு. திரும்ப வைத்தாள்.

63.4.

அன்புராசா எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. தள்ளி நில்லும்.”

டொக்... டொக்...

உள்ளேயிருந்து.

அவர் திறந்தார். வெறுமை. மூலையில் மட்டும் ஒரு பிடி சிவப்பு மணல்.

“உதென்ன மண்?”

அவர் அவசரமாக உள்பையின் சிப்பை இழுத்துக் கையை விட்டார்.

படார்!

மூடி மணிக்கட்டில் விழுந்தது. மறுபடி... மறுபடி... யாரோ ஏறி நின்று மிதிப்பது போல. எலும்பு முறிவது கேட்டது. வெள்ளைத் தரையெல்லாம் இரத்தம். அவள் மூடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

“விடு! மெலனி... விடடி!”

3.17.

மூடி தானாகத் திறந்தது.

நசிந்த விரல்களிலிருந்து ஒரு தாள் நழுவியது. அவர் மயங்கிக் கிடந்தார். அவள் அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில், 6.40க்குத்தான் வாசித்தாள். ஜோர்தானில் எழுதிய பிரேதப் பரிசோதனை அறிக்கை.

மெலனி அன்புராசா. இடம், பெட்ரா. உயரத்திலிருந்து விழுந்து மரணம்.

உடல் நிறை 63.4 கிலோ.

அவள் உள்ளே போனாள். கட்டிலில் அவர் கண் திறந்திருந்தார். கட்டுப்போட்ட வலக்கையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்படாதையும். பயணம் நிக்காது. படம் எடுக்க இடக்கை போதும்.”