தேவயானியின் திங்கட்கிழமைப் பலகை

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் போய்ப் பரசுராமன் டீக்கடை எது என்று கேட்டால் நான்கு பேர் யோசிப்பார்கள். பலகைக் கடை என்று கேளுங்கள், நடை பழகும் பிள்ளைகூடக் கையை நீட்டும்.

அந்தப் பலகை ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து பரசுராமன் தூக்கிவந்த கரும்பலகைதான். முதலில் அதில் டீ, காபி, போண்டா என்றுதான் எழுதியிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் பால் பொங்கி வழிந்தது. பரசுராமன் நின்றுகொண்டு அடுப்பைத் திட்டினான். அவன் பெண்டாட்டி தேவயானி பேசாமல் சாக்பீஸை எடுத்து, போண்டாவை அழித்துவிட்டு, "பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்காதவன், பொங்கிய பிறகு அடுப்பைத் திட்டுவான்" என்று எழுதினாள். புருஷனைக் குத்தத்தான் எழுதினாள். ஆனால் ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்காக நின்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் இரண்டாவது டீயும் சொன்னார். அன்றோடு பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து திங்கட்கிழமை தவறாது. மேலே வீட்டுச் சேதி, நடுவில் கடைச் சேதி, அடியில் ஒரு சொல். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் இப்படி எழுதினாள்: "அத்தைக்குக் கண் தெளிந்துவிட்டது. என் நரை தெரிகிறதாம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பதினேழு டம்ளர் காணோம். எடுத்தவர்கள் அதில் டீ குடிக்கும்போது என்னை நினைக்கட்டும். சொல்: பார்வை தெளிந்தவரிடம் முதலில் மாட்டுவது பக்கத்தில் இருப்பவர்தான்." ரிட்டையர்டு கண்டக்டர் தணிகாசலம், கண்ணாடி கொண்டு வராதவர்களுக்காக அதைச் சத்தமாகப் படிப்பார். டிக்கெட் கேட்ட அதே குரலில் படிப்பார். தேவயானி திரும்பிப் பார்க்காமல் டீயை ஆற்றுவாள். காது மட்டும் அங்கே இருக்கும்.

அவள் பத்தாவது வரை படித்தவள். மகள் ஷாலினிக்கு இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பலகையைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவதுதான் தேவயானிக்குத் திங்கட்கிழமையின் முக்கால் பங்கு. மகளிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வரும். ஒன்றே ஒன்று. அது போதும் அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு அடுத்த திங்கள் வரை ஓட்டிவிடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மனோரமா வந்து சேர்ந்தாள்.

மனோரமா யார் என்றால், பரசுராமன் தம்பியின் பெண்டாட்டி. ஆந்திரப் பக்கம் நகரியில் பிறந்து வளர்ந்தவள். நான்கு வீடு தள்ளி இருந்துகொண்டு ரவிக்கை தைக்கிறாள். படிப்பெல்லாம் தெலுங்கில். தமிழ் பேசுவாள், பாட்டுப் போல இழுத்துப் பேசுவாள். எழுத்து மட்டும் தெரியாது. அதனால் என்ன, போனில் பேசத் தெரியுமே! போன தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு குரூப்பில் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்ங்க, மனோரமா பேசறேன்" என்று தொடங்குவாள். அந்த வாரம் வீட்டில் நடந்தது, மிஷினில் நடந்தது, கடைசியில் ஒரு நல்ல வார்த்தை. "கத்திரி வெட்டிடுச்சேன்னு துணி அழக்கூடாதுங்க. வெட்டினாதான் அது ரவிக்கை ஆவும்" என்பாள்.

ஊர் விழுந்துவிட்டது. விழாமல் என்ன செய்யும், கேட்பதற்குக் கண்ணாடியும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். பலகைக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்து மனோரமாவைக் கேட்டார்கள். அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுப்பது யார்? தேவயானி.

பொறாமையே வராது என்று சொல்கிறவளை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் வரும். தேவயானிக்கு வயிற்றில் ஊதுவத்தி மாதிரி வந்தது. புகை தெரியாது, அணையவும் அணையாது. ஒவ்வொரு ஞாயிறும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய், சத்தத்தைக் குறைத்து வைத்து, மனோரமா பேசியதை மூன்று தடவை கேட்பாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

"வெட்டினாதான் ரவிக்கை ஆவும்னு ஊருக்கு பாடம் எடுக்கறா," என்று புருஷனிடம் சொன்னாள். "எனக்கு தச்சுக் குடுத்த ரவிக்கைல ஒரு கை நீட்டு, ஒரு கை குட்டை. அத சொல்லச் சொல்லு குரூப்ல."

"நீ அளவெடுக்கறப்போ ஒரு தோள தூக்கிகினு நின்னிருப்ப," என்றான் பரசுராமன்.

"ஆங், உன் தம்பி பெண்டாட்டிய விட்டுக் குடுப்பியா நீ?"

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. மனோரமா சொன்னாள்:

"நம்ம பக்கத்துல ஒரு அம்மாங்க. பொண்ணு வேலைக்குப் போயிடுச்சு. அந்த அம்மா பொண்ணோட பேரு வெட்டின தட்டைக் கவுத்து வெச்சு, அதுக்கு எதுக்க ஒக்காந்துகினு ஒரு மாசம் அழுதாங்க. வேலைக்குப் போன புள்ளைங்களா, வீட்டுக்கு போன் பண்ணுங்க. அம்மாங்களோட பசி சோத்துல தீராது."

பேர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? ஷாலினிக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது தாய்மாமன் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் தட்டு அது. அதில் பேர் வெட்டியிருப்பது தெருவுக்கே தெரியும். அரை மணியில் குரூப் பொங்கியது. கும்பிடு போட்டார்கள், கண்ணீர் பொம்மை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஷாலினி. "சூப்பர் சித்தி" என்று எழுதி, பக்கத்தில் மூன்று இதயம்.

மூன்று! பெற்றவளுக்கு வாரத்துக்கு ஒன்று. சித்திக்கு ஒரே தடவையில் மூன்று. அதிலும் அம்மா பலகைக்கு இரண்டு மாதமாக அந்த ஒன்றும் வருவதில்லை. நீல டிக் மட்டும்தான் விழுகிறது. மகள் காது அந்தப் பக்கம் போய்விட்டது என்று தேவயானிக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. ஊரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், போகட்டும். மகளை எப்படித் திருப்பி வாங்குவது?

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நேராக மனோரமா வீட்டுக்கு நடந்தாள். மனோரமா குனிந்து மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டைப் பத்தி யாருடி சொன்னது உனக்கு?"

"ஷாலினிதான்க்கா. அதுக்கு பாவா சொன்னாராம் போன்ல."

பாவா என்றால் பரசுராமன்தான். ஆக, அப்பன் மகளிடம் சொல்லி, மகள் சித்தியிடம் சொல்லி, எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தட்டுக்குச் சொந்தக்காரிதான் வெளியே நிற்கிறாள்.

"அத நீ எதுக்கு குரூப்ல சொன்ன?"

மிஷின் கடகடவென்று ஓடியது. மனோரமா நிமிரவில்லை. "ஊரிகே சொன்னேன்க்கா," என்றாள்.

தேவயானி காதில் அது "ஊருக்கே சொன்னேன்க்கா" என்று விழுந்தது. என்ன நெஞ்சழுத்தம்! ஊருக்கே சொன்னாளாம்! விருட்டென்று திரும்பி வந்தாள். அன்றைக்குப் போட்ட போண்டா எல்லாம் கருகிப்போனது.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பஸ் வருவதற்குள் பலகையைத் துடைத்தாள். வீட்டுச் சேதி இல்லை, கடைச் சேதி இல்லை. பெரிய எழுத்தில் சொல் மட்டும் எழுதினாள்:

"சொந்தமாகச் சோறு பொங்கத் தெரியாதவள், அடுத்த வீட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஊருக்கே பந்தி போடுகிறாள்."

தணிகாசலம் வழக்கம் போலச் சத்தமாகப் படித்தார். பாதியில் அவருக்கே புரிந்து, குரல் இறங்கியது. ஆனாலும் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். பஸ் ஜன்னலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தேவயானிக்குப் பழைய முறுக்கு மாதிரி இருந்தது. கடித்தாள், ருசி இல்லை.

பால் கேனோடு வந்த பரசுராமன் பலகையைப் பார்த்துவிட்டு நின்றான். "இன்னாடி இது?"

"அவதான் சொன்னா. எதுக்கு சொன்னன்னு கேட்டா, ஊருக்கே சொன்னேங்கறா. அவ்ளோ திமிரு."

பரசுராமன் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடி பைத்தியம். ஊரிகேன்னு சொல்லியிருப்பா. சும்மான்னு அர்த்தம். ஊரிகே வந்தேன், ஊரிகே சொன்னேன்னு வாய்க்கு வாய் சொல்லுவா. ஆர்.கே.பேட்டைல பொறந்துட்டு உனக்கு இது தெரியாதா?"

தெரியாமல் என்ன? அவள் பிறந்த தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான். சின்ன வயதில் அவளே நூறு தடவை சொன்ன வார்த்தை. ஆனால் முந்தின நாள் மனோரமா வீட்டுக்குக் கிளம்பும்போதே காது முடிவு செய்துவிட்டுத்தான் போயிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தானே காது வாங்கும்.

"சும்மா சொன்னா மட்டும் சரியா ஆயிடுமா?" என்றாள். "எழுதினது எழுதினதுதான். அழிக்க மாட்டேன்."

அப்போது மனோரமா வந்தாள். குளித்து, தலையில் துண்டு கட்டி, கையில் போன். பலகைக்கு முன்னால் வந்து நின்று, அந்த எழுத்துகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு இன்னா எழுதிகிற அக்கா?"

தணிகாசலம் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

"நீயே படி," என்றாள் மனோரமா. போனை நீட்டினாள். "உன் குரல்ல பதிவு பண்ணி ஷாலினிக்கு அனுப்பறேன். கம்பெனி பஸ்ஸுல எழுத்து படிச்சா அதுக்கு தல சுத்துதாம், வாந்தி வருதாம். இறங்கினா வேலை செய்யற லைன்ல போன் தொடக்கூடாது. கேக்கறதுன்னா பஸ்ஸுலயே கேட்டுடும். அம்மா பேசி அனுப்பினா நல்லாருக்கும் சித்தின்னு எத்தனையோ தடவ சொல்லிச்சு."

"எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எழுதறத நிறுத்திடுவன்னு பயம் அதுக்கு. படிக்கா. பஸ்ல ஏறியிருக்கும் இந்நேரம்."

தேவயானி பலகையைப் பார்த்தாள். அவள் கையெழுத்து அத்தனை அழகாக இருந்தது, அன்றைக்கென்று. அதைப் படித்தால் ஷாலினி கேட்பாள். அம்மாவின் குரலை முதல் தடவையாக இப்படிக் கேட்கப்போகிறாள், கேட்கப்போவது இந்தச் சொல்லையா? ஈரத் துணியை எடுத்தாள். ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை துடைத்தாள்.

"உன் போன் வேணாம்," என்றாள். "என் போன்ல பேசறேன்."

மடியிலிருந்து தன் போனை எடுத்து, மகள் பேரைத் தொட்டு, அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அது அடங்கியதும் பேசினாள், டீக்கடைக் குரலிலேயே:

"ஷாலினி, அம்மா பேசறேன். உங்க சித்தி சொன்னது தப்பு. நான் தட்டைக் கவுக்கல. அழவும் இல்ல. யாரு அழுதா? நீ போன அன்னிக்கு மறந்துபோய் உன் தட்டையும் வெச்சேன். சோத்தையும் போட்டுட்டேன். திருப்பி குண்டான்ல கொட்ட மனசு வரல. அதனால என் தட்டை எடுத்து வெச்சுட்டு உன் தட்டுல சாப்பிட்டேன். ஒரு மாசம் இல்ல, இப்பவும் அதுலதான் சாப்பிடறேன். அவ்ளோதான் கதை. இத இப்படியே சொல்லணும், சேத்து சொல்லக்கூடாது. வெக்கறேன்."

விரலை எடுத்தாள். போய்விட்டது. தணிகாசலம் மூக்கை உறிஞ்சிவிட்டு, டீயில் மிளகு போட்டார்களா என்று கேட்டார்.

தேவயானி மனோரமா பக்கம் திரும்பினாள். அழித்ததோடு விட்டிருக்கலாம். விடுகிற ஜாதி இல்லை அவள். "உன்னத் திட்டிதான் எழுதியிருந்தேன்," என்றாள்.

"தெரியும்க்கா. கண்டக்டர் அண்ணன் படிச்சது எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு எழுத்துதான் தெரியாது. காது கேக்கும்."

"அப்பறம் எதுக்கு படிக்கச் சொன்ன?"

"உன் வாயால, ஷாலினி கேக்கறாப்போல, அத படிப்பியான்னு பாக்கத்தான்," என்றாள் மனோரமா. கண் ஓரம் சிவந்திருந்தது. "படிச்சிருந்தா உன் வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன். கேக்காம சொன்னது என் தப்புதான். தட்டைக் கவுத்தாங்க, அழுதாங்கன்னு நான்தான் சேத்தேன். சேத்தாதானே கேக்கறாங்க."

தேவயானி மன்னிப்பு கேட்கவில்லை. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டு மனோரமா முன்னால் வைத்தாள், காசு டப்பாவை அவள் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தினாள். மனோரமா குடித்தாள்.

பத்து மணிக்கு டீ இடைவேளையில் ஷாலினியிடமிருந்து பதில் வந்தது. எழுத்து இல்லை, இதயம் இல்லை. குரல். ஒரு நிமிஷம் நாற்பது நொடி. தேவயானி போனை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனாள். அதுவரை கடையை விட்டு நகராத மனோரமாவும் பின்னாலேயே வந்தாள்.

"இன்னா சொல்லிக்குது அக்கா? சத்தமா வையேன்."

"நாளைக்குக் கேட்டுக்கோ," என்றாள் தேவயானி. கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.