‘வாறன்’ என்று சொல்லி விமானம் ஏறியவர்

1. ஒத்திகை

எழுபதுகளின் முற்பகுதியில் சிட்னி விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பனியின் செக்-இன் கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்தது. ப்ரொபேஷன் முடிவதற்குள் ஒரு தலையிடி வந்து சேர்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையில் இனிப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்துவிட்டன. இரண்டு நாட்டுப் பிரஜைகள் மட்டுமல்ல, இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் கொமன்வெல்த் நாட்டுக்காரரும் அப்படியே போய் வரலாம்.

பேப்பரில் படித்தவர்களுக்கு அது நல்ல செய்தி. கவுண்டரில் நின்ற எங்களுக்கு அல்ல. பாஸ்போர்ட் இருந்தால் விரித்துப் பார்த்துவிட்டு ஆளை அனுப்பலாம். அது இல்லாவிட்டால் எதைப் பார்ப்பது? அக்கரையில் ஆளைத் திருப்பி அனுப்பினால் கூட்டி வரும் பொறுப்பு கம்பனியின் தலையில்தான் விழும்.

எங்கள் சூப்பர்வைசர் கெவின் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். பயணியிடம் மூன்று கேள்வி கேட்பது. எங்கே இருக்கிறீர், எவ்வளவு காலமாக இருக்கிறீர், ‘கோயிங் ஃபோர் குட்?’ ஒரேயடியாகப் போகிறீரா, திரும்பி வருவீரா என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிக் கேட்பார்கள். பதிலும் ரிக்கற்றும் பொருந்தினால் ஆளை விடலாம்.

ஒருநாள் மத்தியானம் எங்களையே பயணிகளாக வரிசையில் நிறுத்தி ஒத்திகை நடத்தினார். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் மோரீனிடம் ‘ஹலோ லவ்’ என்றதோடு சரி. பெட்டி ஏற்றும் லோடர்களில் ஒருவர் பகிடிக்குத் தன் பெயரையே மாற்றிச் சொன்னார், அவரும் தப்பிவிட்டார். என்னிடம் மட்டும் மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, எங்கே பிறந்தாய் என்று நாலாவதையும் கேட்டார்.

ஸ்ரீலங்கா என்றேன். அது கொமன்வெல்த்தா என்று நெற்றியைச் சுருக்கினார். சிலோன்தான், போன வருஷம் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றேன். தனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார். எங்களையும் ஒருத்தரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோரீனுக்கு இல்லாத கேள்வி எனக்கு எதற்கு என்று கேட்க வாய் உன்னியது. ப்ரொபேஷன் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

2. நல்லதுக்குத்தான்

புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்த முதல் நாளே சிவலோகநாதன் வந்து நின்றான். என்னுடன் யாழ்ப்பாணத்தில் படித்தவனின் தம்பி. மெல்பேர்னில் எஞ்சினியராக இருந்தான். வெலிங்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த தெல்லிப்பழைப் பெண்ணுக்கும் அவனுக்கும் அடுத்த நாள் காலையில் அங்கே கலியாணம். பாஸ்போர்ட் தேவையா என்று முதலிலேயே ஃபோனில் கேட்டிருந்தான். சட்டத்தைக் கரைத்துக் குடித்த பெருமையில், அது பெட்டிக்குள் கிடக்கட்டும், நீர் வேட்டியைக் கொண்டுவாரும் என்று சொல்லிவிட்டேன். வேட்டி வந்தது. பாஸ்போர்ட் மெல்பேர்னில் கிடந்தது.

என் வரிசையில் ஆள் கூடுதல். அவன் கெவினுடைய வரிசையில் நின்றான். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் நன்றாகத்தான் சொன்னான். மூன்றாவதாகக் கெவின், ‘கோயிங் ஃபோர் குட்?’ என்றார்.

நல்ல காரியத்துக்கா போகிறாய் என்று கேட்பதாக இவன் விளங்கிக்கொண்டான். முகமெல்லாம் பல்லாக, “யெஸ் சேர், வெரி வெரி குட்” என்றான்.

கெவின் ரிக்கற்றைப் பார்த்தார். ஒரு கிழமையில் திரும்பி வரும் ரிக்கற். ஒரேயடியாகப் போகிறவனுக்குத் திரும்பி வர ரிக்கற் ஏன்? சரி, நீ போகிறாயா வருகிறாயா என்று திருப்பிக் கேட்டார். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஐ ஆம் கமிங்” என்றான். வருகிறவர்களுக்கு அரைவல் கீழே என்று கெவின் கையைக் காட்டினார். இவன் அசையவில்லை. கெவின் ரிக்கற்றை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கடைசி அழைப்புக்கு அதிக நேரம் இல்லை. அடுத்த விமானத்தில் போனால் கலியாண வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

முதலில் சிவலோகநாதனிடம் போனேன். ‘ஐ ஆம் கோயிங் ஃபோர் எ வீக்’ என்று ஒரு வசனம் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

“அண்ணை, நாளைக்குக் கலியாணம். இண்டைக்கு என்னைப் போறன் எண்டு சொல்லச் சொல்லாதேங்கோ,” என்றான். “அதுவும் என்ரை பேருக்கு. ஊரிலை எல்லாரும் சிவலோகம் எண்டுதான் கூப்பிடுகினம். சிவலோகம் போறார் எண்டால் சனம் என்னத்தை விளங்கும்?”

தமிழில்தான் அந்த வில்லங்கம், ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்றும் ஆகாது என்றேன். பிள்ளையாருக்கு இங்கிலிஷ் தெரியாதோ என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

கெவினிடம் விளக்கினேன். எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாறன் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டு யாரும் இதுவரை பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்றேன்.

அப்படியென்றால் யார்தான் போவார்கள் என்று கேட்டார்.

“செத்தவர்கள்தான் போவார்கள். அதையும் மற்றவர்கள்தான் சொல்வார்கள்,” என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒத்திகையில் விழுங்கியதும் சேர்ந்து வந்தது. “கெவின், இவன் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் ரிக்கற் திரும்பி வருகிறதைப் பார்த்துவிட்டு விட்டிருப்பீர்கள். மோரீனிடம் ஒன்றுமே கேட்கவில்லையே.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் வீரம் என்னிடம் இல்லை. வாடகை வீடும் மனைவியும் கண்முன்னால் வந்தன.

கெவின் காதெல்லாம் சிவந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “செத்தவர்களை நாங்களும் போய்விட்டார் என்றுதான் சொல்லுவோம், மேட். என் மனைவி போய் இரண்டு வருஷம்.”

போர்டிங் கார்டை எழுதிச் சிவலோகநாதனிடம் நீட்டினார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, “வாறன் சேர்” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடினான். போகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்ற கெவின், அடுத்த பயணியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. திரும்பி வருவீர்களா என்று கேட்டார். அன்று முதல் எல்லோரும் அப்படித்தான் கேட்டோம், மோரீனின் தாயாரிடமும்.

3. ஒருவழி

எழுபதுகள் முடியும் முன் கெவின் ஓய்வுபெற்றார். நியூசிலாந்தில், நெல்சனில் இருந்த மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். அப்போது அவருடைய மேசையில் நான் சூப்பர்வைசர். பாஸ்போர்ட் இல்லாமல், ஒரு பெட்டியோடு வந்து என் முன்னால் நின்றார். ரிக்கற்றை விரித்தேன். ஒருவழி ரிக்கற்.

இந்த வேலையில் கேள்வி கேட்க மூன்று நாளில் பழகிவிடலாம். பதிலைக் கேட்கப் பழகத்தான் காலம் எடுக்கும். அதை இந்த மனுஷனோடு சேர்ந்துதான் நானும் பழகினேன். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதானே. திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

அவர் ரிக்கற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாறான்,” என்றார்.

‘வாறன்’ என்பதை அவர் இழுத்துவிட்டதில் ‘அவன் வருகிறான்’ என்று அர்த்தமாகிவிட்டது. திருத்த மனம் வரவில்லை.

“ஓம் கெவின்,” என்றேன். “போய்ட்டு வாங்கோ.”