கௌதமி அட்ஜஸ்ட் பண்ணவே இல்லை

கௌதமி இறந்துவிட்டாள். பீன்யா லேபில் என்னோடு வேலை பார்த்த கௌதமி. நேற்று காலை ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அழுது முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். கோபம் முந்திக்கொண்டது.

காரணம், எங்கள் பழைய லேப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த போஸ்டர். பூ, விளக்கு, நடுவில் கௌதமி போட்டோ. கீழே இப்படி: "சிரித்த முகம். எல்லோரிடமும் அட்ஜஸ்ட் செய்துகொண்டு போன நல்ல உள்ளம்."

போட்டது எங்கள் மேனேஜர். அவளை மெஷின் வேலையிலிருந்து தூக்கிய அதே மனுஷன்!

கௌதமியா? அட்ஜஸ்டா?

அந்தப் போட்டோ ஆயுத பூஜை அன்று எடுத்தது. மெஷினுக்கு யாரோ குங்குமம் வைக்கப் போக, "ஏய், கம்பிய கவ்வுற பல்லுல பூசாத! நாளைக்கு கம்பி வழுக்கிகினு போவும், உன் சாமி வந்து புடிக்குமா?" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அவள் வாய் திறந்திருப்பதைப் பார்த்து சிரிப்பு என்று நினைத்துவிட்டார் போல.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் லேபில் ஸ்டீல் சாம்பிள்களை இழுத்து, அடித்து, அழுத்திப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். கௌதமி இழுக்கிற மெஷினில். நான் ரிப்போர்ட் டைப் அடிக்கிற டேபிளில்.

மெஷின் கம்பியின் இரண்டு முனையையும் கவ்வி இழுக்கும். கம்பி நீளும், நடுவில் மெலியும், அப்புறம் டமார்! புதிதாக வருகிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கௌதமி கையிலிருக்கும் டீயைக்கூட கீழே வைக்க மாட்டாள்.

அதற்கு அப்புறம்தான் முக்கியமான வேலை. உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். சரியாக நீளாத கம்பி ஃபெயில். பாரம் ஏறும்போது எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று உடைந்துவிடும்.

கள்ளத்தனம் நடப்பதும் இங்கேதான். சேர்த்துப் பிடிக்கும்போது நடுவில் மயிரிழை இடைவெளி விட்டால் போதும்... ஃபெயில் பாஸ் ஆகிவிடும். யாருக்கும் தெரியாது.

கௌதமி விட மாட்டாள். கட்டைவிரல் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடிப்பாள்.

ஒரு நாள் பொம்மசந்திராவிலிருந்து க்ரேன் கொக்கி செய்கிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த கம்பி ஃபெயில். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

"லூஸா புடிச்சு அள கௌதமி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கன்னடத்தில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு'. இந்த ஊரில் பஸ் சீட்டிலிருந்து வாடகை வீடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே வார்த்தை.

"ஆகல்ல சார், முடியாது" என்றாள். இரண்டு துண்டையும் தூக்கி அந்தக் கம்பெனிக்காரர் கையில் வைத்தாள். "இந்தாங்க சார், நீங்களே புடிங்க. நான் அளந்துக்கறேன். உங்க கொக்கி, உங்க கை."

பாவம் அந்த மனுஷன். அவள் முறைக்கிற முறைப்பில் துண்டு இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. அளந்து பார்த்துவிட்டு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "வசந்தி, ஃபெயில்னு அடி!"

அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதையும் டைப் அடித்ததில்லை.

சீக்கிரமே அவளை சாம்பிள் வாங்குகிற கவுன்டருக்கு மாற்றினார்கள். தானாக ரிசைன் பண்ணிவிடுவாள் என்று கணக்கு. எனக்கும் பயம்தான், போய்விடுவாளோ என்று.

"நான் இன்னாத்துக்குடி போணும்? எனக்கு இன்னா கொறச்சல், இங்க ஃபேன் நல்லா வருது" என்றாள்.

கவுன்டரில் உட்கார்ந்தால் மெஷின் கண்ணில் படாது. ஆனால் காதில் விழுமே! டமார் என்று சத்தம் வந்ததும் அங்கிருந்தபடியே ஒரு கத்து: "ஒட்டிப் புடி!"

கஸ்டமர் நிற்கிறார், ஓனர் நிற்கிறார் என்று எதுவும் கிடையாது. டமார்... "ஒட்டிப் புடி!"

மேனேஜர் ஓடி வந்தார். "இது லேபா, மார்க்கெட்டா?"

"மார்க்கெட்லதான் சார் தராசுல கை வெப்பாங்க."

புது ஆபரேட்டர் வெங்கடேஷ் வேறு வழியில்லாமல் ஒட்டித்தான் பிடித்தான். அவள் லீவு போட்ட நாட்களில் எங்களில் யாராவது கத்துவோம். பாலிஷிங் செக்‌ஷன் கத்தும். அக்கவுன்ட்ஸ் சாரே ஒரு தடவை கத்தினார்.

இவளைத்தான் அட்ஜஸ்ட் செய்துகொண்டு போனவள் என்கிறார்...

மேனேஜருக்கு போன் போட்டேன். "சார், அந்த ஒரு லைனை மட்டும் எடுத்துடுங்க."

"செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போட்டா தப்பாம்மா? பெரிசு பண்ணாத. நீயும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"ஆகல்ல சார்."

வைத்துவிட்டேன். குரூப்பைத் திறந்து அந்த போஸ்டருக்குக் கீழே டைப் அடித்தேன்: ஒட்டிப் புடி!

அப்புறம் வெங்கடேஷ்: ஒட்டிப் புடி! பாலிஷிங் லட்சுமி: ஒட்டிப் புடி! அக்கவுன்ட்ஸ் சார், செக்யூரிட்டி அண்ணன், எப்போதோ வேலையை விட்டு துபாய் போனவன்... வரிசையாக அதே வார்த்தை. போஸ்டர் எங்கேயோ மேலே போய்விட்டது. இப்போது தேடினால்தான் கிடைக்கும்.

இன்று மதியம் எடுக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

போய் வாடி கௌதமி. மயிரிழைகூட விட மாட்டோம்.