அட்டைப்படத்தில் ஒரு மூடி அதிகம்

எக்ஸ்ரேக்காரருக்கு நாற்பத்தேழு வயது. பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், இருபத்திரண்டு வருடமாக ஒரே மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நிமிர்ந்து நில்லுங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க." வீட்டிலும் அதற்கு மேல் பேசிவிட மாட்டார் என்று அவர் மனைவி சொல்வாள்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் ஆள் வேறு. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றின் பின்னறைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு புரோக்ரெஸிவ் ராக் ஆல்பத்தை ஐந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். கிட்டார் வாசித்தவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். டிரம்ஸ் அடித்தவர் பல்செட் செய்கிறவர். பாடியதும் புல்லாங்குழல் ஊதியதும் எக்ஸ்ரேக்காரரின் ஒரே தங்கை. அவளுக்கு நூலகத்தில் வேலை. அவளுடைய குழல் மூங்கில் அல்ல. வெள்ளியாக மின்னும் உலோகக் குழல், மேலே வரிசையாக வட்ட வட்ட மூடிகள் வைத்தது.

அவர்கள் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிகிற ரகம் இல்லை. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்துமூன்று நிமிடம். நடுவில் ஏழு தடவை தாளம் மாறும். பதினொன்று எண்ணும் இடத்தில் ஒருவர் தும்மினால் போதும், எல்லாம் குட்டிச்சுவர். பல்செட்காரரின் மனைவி ஒருநாள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாளாம்.

அட்டைப்பட யோசனை தங்கையுடையது.

"அண்ணா, உன்கிட்ட மிஷின் இருக்கு, என்கிட்ட நெஞ்சு இருக்கு. குழலைக் குறுக்கால பிடிச்சுக்கறேன். ஒரு படம் எடு."

"அது என்ன விளையாட்டுச் சாமானா? சும்மா எடுக்கக் கூடாது. ரூல் இருக்கு."

ஒரு மாதம் பிடிவாதமாக நின்றார். அவள் அதைவிடப் பிடிவாதம். கடைசியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த கையோடு எடுத்துக் கொடுத்தார். திரையில் படம் வந்ததும் அவருக்கே புல்லரித்துப் போயிற்று. விலா எலும்புகளுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாகக் குழல். அதன்மேல் பொத்தான் தைத்ததுபோல மூடிகள். தங்கையின் கணவர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர். அவர் அந்தப் படத்துக்குக் கருநீலம் ஏற்றி, வெளிச்சத்தைக் கூட்டி, குழலின் முனை தலைப்பை மறைக்கிறதென்று இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்.

அட்டை தயார். ஆனால் எக்ஸ்ரேக்காரருக்குத் தன் வாசிப்பு பிடிக்கவில்லை. மூன்று தடவை மறுபடி பதிவு செய்தார். "எக்ஸ்ரே, இதுக்கு மேல வாசிச்சா கம்பிதான் அறுந்துபோகும்" என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார். அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது.

இசைத்தட்டுக் கடையில் ஒரு பிற்பகல் வெளியீடு. வந்தது பத்தொன்பது பேர், அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள். மிச்சம் எட்டுப் பேரில் ஒரு பெண்மணி, நரை விழுந்த தலை, இந்த வகை இசை எங்கே கேட்டாலும் தேடிப் போகிறவராம். தட்டை வாங்கியவர் பிரிக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதயம் வலது பக்கம் இருக்கே?"

"நான்தாங்க திருப்பிப் போட்டேன்" என்றார் தங்கையின் கணவர் பெருமையாக. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"இது யாரோட எக்ஸ்ரே?"

"என்னோடதுதான். எடுத்தது எங்கண்ணன்" என்றாள் தங்கை.

"நான் நுரையீரல் டாக்டர். தப்பா நினைக்காதீங்க. குழலுக்குக் கீழ, ஒரு விரல் தள்ளி, மங்கலா ஒரு வட்டம் இருக்கு பாருங்க. அதுவும் மூடியா?"

தங்கை குனிந்து பார்த்தாள். அந்தக் குழலை அவள் இருபது வருடமாக ஊதுகிறாள். "இல்லையே. மூடி எல்லாம் குழல் மேலதான் இருக்கும். தனியா எப்படித் தொங்கும்?"

எக்ஸ்ரேக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அந்த வட்டத்தை அவர் நூறு தடவையாவது பார்த்திருப்பார். ஏதோ ஒரு மூடியின் நிழல் என்றே நினைத்திருந்தார். இல்லை, நினைக்கவேகூட இல்லை; அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தார். பின்னால் ஸ்பீக்கரில் அவர் மூன்று தடவை திருத்திய இடம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்கு ஓடினார். நீலம் ஏறாத, திருப்பாத மூலப்படத்தைத் திறந்தார். வலது நுரையீரலில், மேலே, சின்ன நாணயம் அளவுக்கு அது இருந்தது. வேறு யாராவது நோயாளியாக இருந்தால் திரையில் வந்த மறுநொடியே டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றாமல், படத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தபடி நின்றார். ஏழு மாதம்.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். சிகரெட் புகையைக் கண்டாலே நாலு திட்டு திட்டுகிறவளுக்கு! எக்ஸ்ரேக்காரர் அந்த நுரையீரல் டாக்டரிடமே போய் நின்றார்.

"நீளமா ஊதுற இடத்துல அவளுக்கு மூச்சு பத்தலைன்னு நான் திட்டியிருக்கேன் டாக்டர். பத்தொன்பது தடவை ஊத வச்சேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஏழு மாசம்... நான் இழுத்தடிச்சது?"

"சீக்கிரம் பார்த்திருந்தா நல்லதுதான். இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் படமே எடுக்காம இருந்திருந்தா? இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்தப் பதிலில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. துறைத் தலைவரிடம் போய், விதியை மீறிப் படம் எடுத்ததைத் தானே சொன்னார். ஒரு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். அதுவும் நல்லதாயிற்று, அறுவை சிகிச்சை நாட்களில் வராந்தாவிலேயே கிடந்தார்.

வலது நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். அப்படிச் சொன்ன பிறகும் அவருக்கு உறுத்தல் விடவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், சாப்பிட்டாரா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டினார்.

ஆறாம் நாள் அவர் வார்டுக்குள் நுழைந்தபோது தங்கை தலையணையில் சாய்ந்து, முகம் சிவக்க ஒரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பதறிப்போய், "என்ன? என்ன சொன்னாங்க?" என்றார்.

"நம்ம தட்டுல ரெண்டாவது பக்கம் சுத்த அறுவைன்னு எழுதியிருக்கான் அண்ணா! அஞ்சு வருஷம்! இவன் முழுசாக் கேட்டே இருக்க மாட்டான். நீ இப்பவே பதில் எழுது, நான் சொல்றேன்."

அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் ஒரு பேனா கடன் வாங்கி, மருந்துச் சீட்டின் பின்புறத்தைத் திருப்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ம். சொல்லு."