காலி பிக்கப் மேடு ஏறாது

வண்டி புதுசு. பின்பக்கம் கீறல் விழுமே என்று, இன்று காலை நெல்லிவாசல்நாட்டில் புளி மூட்டையோடு கைகாட்டியவர்களை ஏற்றாமல் வந்துவிட்டேன்.

அடுத்த மேட்டில் நேற்றைய கோடைமழைச் சேறு. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

"காலி வண்டி வழுக்கத்தாங்க செய்யும்," என்றார் ஒரு அக்கா. "நாங்க ஏறிக்கிறோம். பின்னாடி கனம் இருந்தா போய்டும்."

மூட்டையோடு ஏறினார்கள். வண்டியும் ஏறியது.

மேலே போய் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை.

"இன்னாக்கா, இறங்கலையா?"

"இறக்கத்துலயும் வழுக்கும்ங்க. திருப்பத்தூர் சந்தை வரைக்கும் இருக்கிறோம்."

கீறல் விழுந்துவிட்டது.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அதிலாவது மேடு ஏறியதும் இறங்கிவிடுவார்களா?