எத்தனை டிராக் என்று கேட்டேன்

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கணவருக்கு ஆவடியில், ராணுவத்துக்கான தொழிற்சாலையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. காலையில் ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் எனக்கு ஒரு மெட்டாவது தோன்றிவிடும். எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கொஞ்சம் ஆர்மோனியம் கற்றதோடு என் சங்கீதப் படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் மெட்டு தனியாக வராது. அதற்குக் கீழே தடித்த குரல் ஒன்று நடந்துகொண்டிருக்கும், அதற்கும் கீழே தாளம். எல்லாம் சேர்ந்தே கேட்கும். ரயிலை விட்டு இறங்கும்போது பாதி போயிருக்கும். ஆபீஸ் வாசலில் மீதியும் போய்விடும்.

பிடித்துவைக்கப் பார்த்தேன். வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்றை இரவல் வாங்கினேன். ஒன்றில் பாடிப் பதிந்ததை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து கீழ்க்குரலைப் பாடி, இரண்டையும் மற்றதில் பதிவேன். மூன்றாவது சுற்றில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே யாரோ முனகுவது மாதிரி இருக்கும்.

என் ஆபீஸ் கணக்காளரின் மைத்துனர் முகப்பேரில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். பக்திப் பாட்டு கேசட், விளம்பரப் பாட்டு இதெல்லாம் அங்கே தயாராகும். ஒரு சனிக்கிழமை கணக்காளர் என்னை அங்கே அழைத்துப் போனார். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாம் மாடி. படுக்கையறைச் சுவர் முழுவதும், எதிரொலி வராமலிருக்க, முட்டை அட்டை ஒட்டியிருந்தது. நடுவில் நீளமாக ஒரு கறுப்புக் கீபோர்டு, அதன் நெற்றியில் சின்னதாய் ஒரு திரை. ஸ்டூடியோக்காரர் முதலில் டிரம் வாசித்தார். அதை ஓடவிட்டு, மேலே கிட்டார் மாதிரி ஒன்றை வாசித்தார். மறுபடி ஓடவிட்டு வயலின் கூட்டம். கடைசியில் ஒரு பட்டனைத் தட்டினார். மூன்றும் சேர்ந்து, துளி இரைச்சல் இல்லாமல் ஒலித்தன. ரயிலில் எனக்குக் கேட்பது இப்படித்தான் இருக்கும். என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதீங்கம்மா! பார்ட்டியோட பாட்டு உள்ள கிடக்கு."

கையை எடுத்துக்கொண்டு கேட்டேன். "வீட்டுக்கு இது மாதிரி ஒண்ணு வாங்கணும்னா என்ன பார்த்து வாங்கணும் சார்?"

"இதுக்குப் பேரு ஒர்க் ஸ்டேஷன். எத்தனை டிராக் பதியலாம்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

டிராக் என்றால் அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை வாத்தியம் வைக்கலாம் என்பது. எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ஒர்க் ஸ்டேஷனா? எங்க ஷாப்புல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒர்க் ஸ்டேஷன்தான்" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் கூட வரட்டும் என்றார். பட்டாபிராமில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவரை ஆராதனை முடிந்ததும் பிடித்தார். அவர் மற்ற நாட்களில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர்.

"நான் வந்துகினே இருக்கேன் பிரதர். தனியாப் போனா தலையில கட்டிடுவானுங்க" என்றார் அவர்.

மவுண்ட் ரோடில் பெரிய கடை. டை கட்டிய விற்பனையாளர் வந்து என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "யாருக்கு சார், பசங்களுக்கா?"

"இவங்களுக்கு."

"மேடம் கத்துக்கப் போறாங்களா?"

"மெட்டு போடறதுக்கு" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த வெள்ளைக் கீபோர்டின் டெமோ பட்டனை அழுத்தினார். அது தானாக ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவையே வாசித்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல எத்தனை டிராக் பதியலாம்?" என்று கேட்டேன்.

"நூத்தி இருபத்தெட்டு டோன் மேடம். ரிதம் மட்டும் தனியா நூறு."

"அது இல்லைங்க. ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை பதியலாம்?"

"டச் சென்சிட்டிவ் மேடம். மெதுவாத் தொட்டா மெதுவா, அழுத்தித் தொட்டா சத்தமா."

மூன்றாவது தடவையும் கேட்டேன். இந்த முறை சர்ச்காரர் பதில் சொன்னார். "சிஸ்டர், ரெக்கார்டிங் இதுலயே கீது. இதோ பாருங்க செவப்பு பட்டன்."

ஓரத்தில், முகப்பேரில் பார்த்தது போல ஒரு கறுப்புக் கீபோர்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அதைக் காட்டினேன்.

"அது ஒர்க் ஸ்டேஷன் மேடம். சினிமாக்காரங்க வாங்கறது. ஸ்பீக்கர் கிடையாது, நீங்க எதிர்பார்க்கற ரிதமும் கிடையாது. ஆன் பண்ணா சும்மா கிடக்கும்."

நான் ரிதம் எதிர்பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். "கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்களேன்."

"கேபிள் குடோன்ல இருக்கு மேடம்."

"இது இன்னாத்துக்கு சிஸ்டர் உங்களுக்கு?" என்றார் சர்ச்காரர். "கத்துக்கறவங்களுக்கு அந்த வெள்ளைதான். நாலு விரல் வச்சா போதும், மீதியை அதுவே பாத்துக்கும்."

"மொதல்ல இதுல பழகு. அப்புறம் பெருசு பார்க்கலாம்" என்றார் கணவர்.

மூன்று பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குள் பில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். பணம் என் சம்பளத்தில் நான் சேர்த்தது. வெள்ளைக் கீபோர்டு அட்டைப்பெட்டியோடு டாக்சியில் ஆவடிக்கு வந்தது. வழி நெடுக அவர்கள் இருவரும் ஸ்பீக்கரின் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்தச் சிவப்புப் பட்டனின் லட்சணம் மறுநாளே தெரிந்துவிட்டது. அதில் பதிவது இரண்டே இரண்டு. கை வாசிக்கிற மெட்டு ஒன்று, பெட்டி தானாக வாசிக்கிற ரிதம் ஒன்று. மெட்டின்மேல் வேறு எதையாவது வைக்கப் போனால் பழைய மெட்டு அழிந்துவிடும். அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மெட்டு ஏழு எண்ணிக்கையில் நடப்பது. தகிட தகதிமி என்று, மூன்றும் நான்கும். எங்கள் சபையில் பாடுகிற பழைய கீர்த்தனைகளில் பாதி இந்த நடைதான். பெட்டியில் இருந்த நூறு ரிதத்தில் ஏழுக்கு ஒன்றுகூட இல்லை. டிஸ்கோ இருந்தது, சம்பா இருந்தது, வெள்ளைக்காரர் நடனம் நான்கைந்து இருந்தது. எல்லாம் நான்கு, இல்லாவிட்டால் மூன்று. என் மெட்டு ஏழாவதை முடித்து மூச்சுவிடும்போது டிரம் இன்னும் எட்டாவதை அடித்துக்கொண்டிருக்கும். நான் அடுத்த வரியைத் தொடங்கினால் அது பின்னால் தள்ளாடிக்கொண்டு வரும். நிறுத்துவேன், மறுபடி தொடங்குவேன், மறுபடி நிறுத்துவேன்.

சர்ச்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஏழு எதுக்கு சிஸ்டர்? ஒண்ணு சேத்து எட்டாக்கிக்கோங்க. ஜனங்களுக்குக் கைதட்டவும் ஈசியா இருக்கும்."

செய்து பார்த்தேன். ஒரு எண்ணிக்கையைக் கூட்டினதும் மெட்டு பற்பொடி விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. அன்று பெட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தவிர எல்லாருக்கும் அந்தக் கீபோர்டைப் பிடித்திருந்தது. குவார்ட்டர்ஸில் யார் வந்தாலும் கணவர் துணியை விலக்கி டெமோவைத் தட்டுவார். "உங்க ஒய்ஃப் வாசிச்சதா?" என்று கேட்பார்கள். "வாசிப்பாங்க, வாசிப்பாங்க" என்பார். கிறிஸ்துமஸ் வந்தது. வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போகிறவர்கள் பெட்டியைக் கேட்டார்கள். நான் ஆபீஸில் இருந்தபோது அவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். வேனில் திருநின்றவூர் வரை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டைகளுக்கு நடுவே மெழுகு வழிந்து உறைந்திருந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கட்டை அழுத்தினால் எழுந்திருக்கவில்லை.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"ஆண்டவர் காரியத்துக்குத்தானே கொடுத்தேன். நீயும் அதைத் தொடறதில்லையே."

தொடுவதில்லை என்பது உண்மை. ஏன் தொடுவதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மெழுகைச் சுரண்ட உட்கார்ந்தேன்.

சில மாதம் கழித்துக் கணக்காளர் ஒரு சேதி சொன்னார். மைத்துனர் கம்ப்யூட்டருக்கு மாறுகிறார், அந்தக் கறுப்பு ஒர்க் ஸ்டேஷனை விற்கப்போகிறார். இந்த முறை யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்து முகப்பேர் போனேன். ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன், "எத்தனை டிராக்?"

"பதினாறு."

"ஏழு எண்ணிக்கை வருமா?"

"நீங்க சொல்ற எண்ணிக்கை வரும்." பிறகு தயங்கினார். "ஒண்ணு சொல்லிடறேம்மா. ஃப்ளாப்பி போடற இடம் கெட்டுப்போச்சு. பாட்டை எடுத்து வைக்க முடியாது. ஆஃப் பண்ணா உள்ள இருக்கறது அத்தனையும் போயிடும்."

"அப்போ நீங்க எப்படி சார் வேலை செஞ்சீங்க?"

"ஆஃப் பண்ணவே மாட்டேன். பாட்டு முடிஞ்சு டேப்ல ஏத்தினப்புறம்தான் ஆஃப்."

ஆட்டோவில் மடிமேல் குறுக்காக வைத்து ஆவடிக்குக் கொண்டுவந்தேன். வெள்ளையைச் சர்ச்சே வாங்கிக்கொண்டது. கணவர் புதியதைச் சுற்றிவந்து பார்த்தார். "டெமோ எங்கே?" என்று கேட்டார்.

அதைக் கற்றுக்கொள்வது இன்னொரு பாடு. கூடவே வந்த விளக்கப் புத்தகம் ஜெராக்ஸ் பிரதி, அதிலும் நடுப்பக்கங்கள் இல்லை. இரண்டு வரி மட்டும் காட்டுகிற திரை. ஒரு பட்டன் தப்பாகத் தட்டினால் எங்கோ போய் நிற்கும், திரும்பி வர வழி தெரியாது. ஸ்பீக்கர் இல்லாததால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன். எதிர்வீட்டுப் பெண் சர்க்கரை கேட்க வந்தவள், சத்தமே இல்லாமல் நான் கட்டைகளை அழுத்துவதைப் பார்த்து, "ரிப்பேராக்கா?" என்று கேட்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரையில் ஏழு வந்தது. காதுக்குள் டக் டக் என்று ஏழு அடித்து, எட்டாவதுக்குப் போகாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பின் வேகமாக நடந்தது. மெட்டு, அதன்கீழே தடித்த குரல், தாளம், வயலின். பெட்டியை அணைக்கவே இல்லை. சுவிட்சுக்கு மேலே 'அணைக்காதீர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டினேன். கடைசி அடுக்காகப் புல்லாங்குழல் வைத்தேன். இரண்டாம் வரி முடிகிற இடத்தில் குழல் மெட்டுக்கு ஒரு பதில் சொல்லும். அதை யோசித்து வைக்கவில்லை, விரல் போன போக்கில் விழுந்தது. பத்துத் தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும். கணவரும் ஹெட்போனை மாட்டி ஒருமுறை கேட்டார், டியூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டே.

இனி கேசட்டில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி. பெட்டியின் துளை பெரியது, எங்கள் டேப் ரெக்கார்டரின் துளை சின்னது. இரண்டையும் இணைக்கிற ஒயர் வேண்டும். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். அம்பத்தூரில் இறங்கி மூன்று கடை ஏறி இறங்கி அந்த ஒயரை வாங்கினேன். அடைமழை. ஆவடியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன். குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் ஒரு மரம் மின்கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டேன்.

கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். "கரண்ட் போயிடுச்சு" என்றார். பிறகு அவசரமாக, "நான் எதையும் தொடல" என்றார்.

ஒயரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். திரை இருண்டிருந்தது. அவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது அப்படியே ஆறிப்போனது.

மின்சாரம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மெட்டு நினைவிருந்தது. தடித்த குரல் நினைவிருந்தது. வயலினைக்கூட ஒருவழியாகத் திரும்பப் பிடித்தேன். குழல் சொன்ன பதில் மட்டும் வரவில்லை. வாசித்தேன், அழித்தேன், வாசித்தேன். கிட்டத்தட்ட அதுதான் என்று தோன்றும், கேட்டால் அது இல்லை. கடைசியில், இன்னொரு மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்ற பயத்தில், இருந்ததை அப்படியே கேசட்டில் ஏற்றினேன். இரண்டரை நிமிடம் ஓடியது. நான் முழுதாகச் செய்து முடித்த முதல் பாட்டு.

கணவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். இந்த முறை முழுவதும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு.

"நல்லாயிருக்கு. நெஜமாவே நல்லாயிருக்கு. அன்னைக்குக் கேட்ட அதேதானே?"

"அது இல்லங்க. குழல் வேற."

"எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

வேறு என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. கேசட்டில் இருப்பது இரண்டாவதுதான். நல்லது முதலாவதுதான்.